படிக்க இடர்ப்படும் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி எதற்கு?



ஆண்டுதோறும் தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில் எம் அறைக்கு வரும் பெற்றோருள் ஒருவரேனும் ஒரே குறையைக் கூறக் கேட்கின்றோம். “வாய் ஓயாமல் பேசுகிறான் ஐயா. கேட்ட கதையை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்கிறான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் வாய் அடைத்துப் போகிறது” என்பதே அக்குறை. இத்தகைய பிள்ளைகளுள் சிலரைச் செவிப் பரிசோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு யாம் கூறுவதுண்டு. உடனே பெற்றோர் முகத்தில் வியப்புத் தோன்றும். “பேச்சில் ஒரு குறையும் இல்லையே! படிப்புத்தானே வரவில்லை? பேசுகின்ற பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி எதற்கு?” என்று வினவுவர்.

வினா நியாயமானதே. அதற்கு நின்று விடை கூற அந்நாளில் நேரம் வாய்ப்பதில்லை. ஆகவே இவ்வாண்டு மலரில் அவ்விடையை விரிவாக எழுதத் துணிந்தோம்.

எழுத்து என்பது யாது?

பேச்சு குழந்தைக்குத் தானே வருகின்றது. தாய் மடியிலும் தாத்தா தோளிலும் இருந்தபடியே அது மொழியைப் பற்றிக்கொள்கின்றது. எழுத்தோ அவ்வாறு வருவதன்று. ஒருவர் கற்பிக்க, மற்றவர் கற்றுக்கொள்ள வேண்டியது. மனித இனம் பேசத் தொடங்கிய காலத்தோடு ஒப்பிட்டால் எழுதத் தொடங்கிய காலம் மிக அண்மையது.

எழுத்து என்றவுடன் நமக்குத் தாளில் உள்ள வரிவடிவமே நினைவுக்கு வருகின்றது. நம் முன்னோர் அவ்வாறு மட்டும் கருதவில்லை. தொல்காப்பியர் தம் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலையே வகுத்து, உந்தியிலிருந்து எழும் காற்றானது தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களின் தொழிலால் எவ்வாறு எழுத்தொலியாகப் பிறக்கின்றது என்பதை விளக்கினார். அவருக்கு எழுத்து என்பது முதற்கண் ஒலி. வரிவடிவம் அவ்வொலிக்கு நாம் இட்ட அடையாளம்.

ஆகவே ‘மரம்’ என்னும் சொல்லைப் படிக்கும் பிள்ளை மூன்று செயல்களைச் செய்கின்றது. வடிவத்தைக் கண்ணால் அறிகின்றது. அவ்வடிவத்திற்குரிய ஒலியை நினைவிலிருந்து எடுக்கின்றது. எடுத்த ஒலிகளை வரிசை மாறாமல் கூட்டித் தனக்கு முன்பே தெரிந்த சொல்லோடு பொருத்துகின்றது. முதற் செயல் கண்ணுக்குரியது. எஞ்சிய இரண்டும் பேச்சுக்குரியவை.

சோற்றைக் கைநிறைய அள்ளி உண்பவன் பருக்கைகளை எண்ணுவதில்லை. நாம் பேசுவதும் அவ்வாறே. சொற்களை முழுதாக அள்ளி வீசுகின்றோம். அவற்றினுள் எத்தனை ஒலிகள் உள்ளன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. படிப்பதற்கும் எழுதுவதற்கும் பருக்கைகளை எண்ண வேண்டும். சில பிள்ளைகளுக்கு அவ்வாறு எண்ணுவது மிகக் கடினமாக உள்ளது. சரளமாகப் பேசும் பிள்ளை படிக்க இயலாமல் தவிப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஒரு மருத்துவர் கண்ட சிறுவன்

இச்சிக்கலை உலகம் உணர்ந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. 1887ஆம் ஆண்டில் செர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் என்பார் இதற்கு ‘டிஸ்லெக்சியா’ என்று பெயரிட்டார். 1896ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர், பெர்சி என்னும் 14 வயதுச் சிறுவனைப் பற்றி ஒரு மருத்துவ ஏட்டில் எழுதினார். அவன் அறிவுக்கூர்மை உடையவன். விளையாட்டிலும் பிறர்க்குக் குறைந்தவன் அல்லன். ஏழாண்டுகள் கற்பித்தும் அவனால் எளிய சொற்களையும் படிக்க இயலவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே நடக்குமாயின் பள்ளியிலேயே இவன்தான் மிகச் சிறந்த மாணவனாக விளங்குவான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதையும் அம்மருத்துவர் குறித்து வைத்தார்.

அக்காலத்தவர் இதனைச் சொற்குருடு என்றும், கண் தொடர்பான குறை என்றும் எண்ணினர். பின்வந்த ஆராய்ச்சிகள், பெரும்பாலான பிள்ளைகளிடத்தில் சிக்கல் கண்ணில் இல்லை என்பதையும், பேச்சொலிகளை மூளை பிரித்தறியும் முறையிலேயே அது தங்கியுள்ளது என்பதையும் காட்டின. நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை இவ்விடர்ப்பாடு உடையவர்கள் என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு. இஃது அறிவுக் குறைவன்று, சோம்பலும் அன்று, பெற்றோர் செய்த பிழையும் அன்று. குடும்ப வழியாக வரக்கூடியது என்பது மட்டும் உறுதியாகத் தெரிய வந்துள்ளது.

தமிழில் எங்கே சிக்குகின்றது?

தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள் உள்ளன. அவற்றைக் கற்கும் பிள்ளைகள் இடறும் இடங்களை எம் வகுப்பறை அனுபவத்தில் நான்காக வகுக்கலாம்.

முதலாவது, ஒலியின் அளவு. ‘கல்’லும் ‘கால்’லும் வேறு, ‘படம்’ வேறு, ‘பட்டம்’ வேறு. காதால் கேட்டு வேறுபாட்டை உணரும் பிள்ளையும், அவ்வேறுபாடு சொல்லின் எவ்விடத்தில் உள்ளது என்று காட்ட இயலாதபோது, துணைக்காலையோ ஒற்றெழுத்தையோ விட்டுவிடுகின்றது.

இரண்டாவது, நெருங்கிய ஒலிகள். ல, ள, ழ, ர, ற, ந, ண, ன. நம் தோட்டத்தில் ‘வாழைப்பழம்’ என்பதைச் செம்மையாக ஒலிப்பவர் எத்தனை பேர் என்று நம் நெஞ்சையே கேட்டுக்கொள்வோம். வீட்டில் ‘வாளப்பளம்’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எழுதும்போது மட்டும் ழகரம் எங்கிருந்து வரும்?

மூன்றாவது, வடிவத்தின் வரிசை. ‘கெ’, ‘கே’, ‘கை’ என்பவற்றில் மெய்யொலியே முதலில் பிறக்கின்றது; ஆயினும் உயிர்க்குறியை முன்னே எழுதுகின்றோம். ‘கொ’, ‘கோ’ என்பவற்றிலோ குறி இருபுறமும் நிற்கின்றது. ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் மாறுபடும் இவ்விடத்தில், ஒலியைப் பிரித்தறியத் தடுமாறும் பிள்ளை மேலும் தடுமாறுகின்றது.

நான்காவது, பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் உள்ள இடைவெளி. நாம் ‘இலை’ என்று எழுதுவதை ‘எல’ என்றும், ‘உடம்பு’ என்பதை ‘ஒடம்பு’ என்றும், ‘குடை’ என்பதை ‘கொட’ என்றும் பேசுகின்றோம். ‘குடை’ எழுதச் சொன்னபோது ‘கொடை’ என்று எழுதிய பிள்ளை தான் கேட்டதை நேர்மையாக எழுதியது. முதலாம் ஆண்டில் எல்லாப் பிள்ளைகளும் இப்பிழையைச் செய்வர், போகப்போகத் திருந்துவர். மூன்றாம் ஆண்டிலும் திருந்தாத பிள்ளையைத்தான் நாம் கவனித்துப் பார்க்க வேண்டும்.

இவற்றோடு நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலேயே மலாய், ஆங்கிலம் ஆகிய மொழிகளையும் ரோமன் எழுத்தில் கற்கின்றனர். பல மொழிகள் கற்பதால்தான் இச்சிக்கல் வந்தது என்று எண்ணி, வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடும் பெற்றோரும் உளர். அது தவறு. பல மொழிகள் கற்பது இவ்விடர்ப்பாட்டை உண்டாக்குவதில்லை. இடர்ப்பாடு உடைய பிள்ளை எம்மொழியில் பயின்றாலும் இடர்ப்படும். தாய்மொழியையும் பறித்துவிட்டால் அப்பிள்ளை நிற்பதற்கு இருந்த ஒரே திண்ணையையும் இடித்தவர்கள் ஆவோம்.

ஒலியைப் பழக்கினால் எழுத்து வருமா?

வரும் என்று காட்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. ஆக்ஸ்போர்டில் லைனட் பிராட்லி, பீட்டர் பிரயன்ட் என்னும் இருவர் 4, 5 வயதுடைய நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தனர். சில சொற்களைக் கூறி, அவற்றுள் ஒலியால் ஒவ்வாத சொல் எது என்று கேட்டனர். அச்சோதனையில் தடுமாறிய பிள்ளைகளே பின்னாளில் படிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் பின்தங்கினர். பின்னர் அவர்களுள் 65 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து நான்கு பிரிவாக்கி, இரண்டாண்டுகளில் 40 அமர்வுகளாகப் பயிற்சியளித்தனர். ஒரு பிரிவினர் ஒலிகளை மட்டும் வகைப்படுத்தக் கற்றனர். மற்றொரு பிரிவினர் அவ்வொலிகளைக் கையால் தொட்டு நகர்த்தும் எழுத்துகளோடு சேர்த்துக் கற்றனர். மூன்றாம் பிரிவினர் பொருள் அடிப்படையில் மட்டும் சொற்களை வகைப்படுத்தினர். நான்காம் பிரிவினருக்குப் பயிற்சி ஏதும் இல்லை. 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, ஒலியையும் எழுத்தையும் சேர்த்துக் கற்றவர்களே மிகுந்த முன்னேற்றம் கண்டனர்.

இதனை எண்ணும்போது எமக்கு நம் பழைய திண்ணைப் பள்ளிகள் நினைவுக்கு வருகின்றன. மணலில் விரலால் எழுதிக்கொண்டே எழுத்தின் ஒலியை வாய்விட்டுக் கூறுவது அங்கு வழக்கம். விசயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதச் செய்வதும் அவ்வழி வந்ததே. கண், காது, வாய், விரல் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஓர் எழுத்தைக் கற்கும் அம்முறை, இடர்ப்படும் பிள்ளைகளுக்காக இன்று வல்லுநர் பரிந்துரைக்கும் முறைக்கு மிக நெருங்கியது.

பேச்சுப் பயிற்சியாளர் செய்வது யாது?

மருத்துவமனையில் ‘தெராப்பி பெர்துத்துரான்’ என்று எழுதியிருக்கும் பிரிவே பேச்சுப் பயிற்சிப் பிரிவு. நம் நாட்டில் இத்துறைக்கான பட்டப்படிப்பை மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995ஆம் ஆண்டில் தொடங்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 774 இத்தொழிலை முறைப்படி ஏற்றுக்கொண்டுள்ளது. நாக்கை நீட்டி மடக்கப் பழக்குவது மட்டுமே இவர்கள் வேலை என்று எண்ணுவோர் உளர். அது முழு உண்மையன்று.

முதற்கண் பிள்ளையின் செவி சோதிக்கப்படும். நடுச்செவியில் நீர் தங்கியிருந்தால் பிள்ளைக்கு ஒலிகள் தெளிவின்றிக் கேட்கும். கூப்பிட்டால் திரும்பும், ஆயினும் மெல்லிய ஒலிகள் விழா. இது மருத்துவத்தால் தீர்க்கத்தக்கது. செவி நன்றாயின், பிள்ளை எத்தனை சொற்களை அறியும், நீண்ட கட்டளையைப் புரிந்துகொள்கின்றதா, ஒரு நிகழ்ச்சியை முன்பின் மாறாமல் கூறுகின்றதா, எவ்வெவ்வொலிகளைத் தெளிவாக ஒலிக்கின்றது என்பன ஆராயப்படும். அடுத்து ஒலிப் பிரிப்பு. ‘மரம், மலை, கடல், மழை’ என்று கூறி, வேறு ஒலியில் தொடங்குவது எது என்று கேட்பர். சொல்லை அசை அசையாகத் தட்டச் சொல்வர். முதல் ஒலியை நீக்கினால் எஞ்சுவது யாது என்பர்.

குறை எவ்விடத்தில் என்று தெரிந்தபின் பயிற்சி அங்கிருந்து தொடங்கும். சொல்லிலிருந்து அசைக்கும், அசையிலிருந்து ஒலிக்கும், ஒலியிலிருந்து எழுத்துக்கும் படிப்படியாகச் செல்லும். பார்ப்பவர்க்கு விளையாட்டாகவே தோன்றும். ஆனால் மாதம் ஒரு முறையோ இரு முறையோ நடக்கும் அமர்வினால் மட்டும் பயன் விளையாது. அங்குக் கற்றதை வீட்டில் நாள்தோறும் பத்து மணித்துளி பழக்க வேண்டும். அதனால்தான் பெற்றோரையும் உடன் அமரச் சொல்கின்றனர். தமிழறிந்த பயிற்சியாளரே எங்கும் கிடைப்பர் என்பதற்கில்லை. ஆகவே பிள்ளை தமிழில் எவ்வொலியில் தடுமாறுகின்றது என்று எடுத்துரைக்கவும் பெற்றோர் வேண்டும். வகுப்பாசிரியர் எழுதித் தரும் குறிப்பையும், பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தையும் மறவாமல் கொண்டு செல்லுங்கள்.

பேச்சுப் பயிற்சியால் எல்லாப் படிப்புச் சிக்கலும் தீரும் என்று யாம் கூறவில்லை. எழுத்தைக் கற்பிக்கும் பணி ஆசிரியருடையதே. வேருக்கு நீர் அங்கே. கிளைக்குக் கொழுகொம்பு பள்ளியில்.

வசம்பைப் பற்றியும் ஒரு சொல். பேச்சு வராத குழந்தையின் நாவில் வசம்பு உரசித் தேய்ப்பது நம்மவர் வழக்கம். பெரியோர் அன்பினால் செய்ததை யாம் இகழவில்லை. எனினும் சொல்லின் ஒலியைப் பிரித்தறியும் வேலை நாவில் நடப்பதன்று, மூளையில் நடப்பது. வசம்பை நம்பி மூன்றாண்டுகள் காத்திருப்பதால் இழக்கும் காலம் திரும்பி வாராது.

எவ்வெவ்வறிகுறிகளைக் காணின் விழித்துக்கொள்ள வேண்டும்?

நான்கு வயதாகியும் வெளியார்க்குப் புரியாதவாறு பேசுதல். இரண்டு மூன்று கட்டளைகளைச் சேர்த்துக் கூறினால் முதலாவதை மட்டும் செய்தல். ‘தொலைக்காட்சி’ போன்ற நீண்ட சொற்களில் ஒலிகளை இடம் மாற்றிக் கூறுதல். தெரிந்த பொருளின் பெயர் வாய்க்கு வராமல் ‘அது, இது’ என்றே பேசுதல். ஒலி ஒத்த சொற்களைக் கூற இயலாமை. இவை பள்ளிக்கு வருமுன் காணத்தக்கவை. பள்ளியில், நேற்றுக் கற்ற எழுத்தை இன்று மறத்தல். படத்தைப் பார்த்து ஊகித்துப் படித்தல். பார்த்து அழகாக எழுதும் பிள்ளை சொல்வதெழுதலில் முற்றும் பிழைபடுதல். படிப்பு வேளையில் தலைவலி, வயிற்றுவலி என்று கூறி ஒதுங்குதல்.

ஒன்றிரண்டு இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பல இருந்து, பல மாதங்கள் நீடித்தால் எம்மிடம் வாருங்கள். காத்திருந்தால் சரியாகிவிடும் என்பர் சிலர். 1990ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிஷப், ஆடம்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், ஐந்தரை வயதிற்குள் பேச்சுக் குறை தீர்ந்த பிள்ளைகள் பின்னர் நன்றாகவே படித்தனர் என்பதும், அவ்வயதிற்குப் பின்னும் குறை நீடித்த பிள்ளைகள் படிப்பிலும் இடர்ப்பட்டனர் என்பதும் தெரிய வந்தன. ஆகவே பாலர் பள்ளிப் பருவமே கவனிக்கத்தக்க காலம்.

யாம் செய்த பிழை

இவ்வளவும் எழுதிய யாம் ஒன்றை மறைத்தல் முறையாகாது. பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்த புதிதில், 1990களில், ஒரு ரப்பர்த் தோட்டப் பள்ளியில் பணியாற்றினோம். அங்கு ஒரு மாணவன் இருந்தான். வானொலியில் ஒருமுறை கேட்ட பாட்டை அப்படியே பாடுவான். கணக்கை மனத்தாலேயே போடுவான். வாசிப்பு வேளையில், பக்கத்து மாணவன் படிப்பதைக் கேட்டு மனத்தில் நிறுத்தி, தன் முறை வந்ததும் படிப்பதுபோல் ஒப்பிப்பான். ஒருநாள் அவன் ‘படித்துக்கொண்டிருந்த’ பக்கம் வேறொரு பாடத்தின் பக்கம் என்பதைக் கண்டோம். எம்மை ஏமாற்றிவிட்டான் என்ற சினம் தலைக்கேறியது. பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தினோம். ஒருநாளோடு விட்டோமில்லை. தேர்ச்சி அறிக்கையில் ‘சோம்பல் மிகுந்தவன்’ என்று எம் கையாலேயே எழுதினோம். இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்போடு அவன் படிப்பு நின்றது. செம்பனைக் குலை வெட்டும் வேலைக்குச் சென்றான் என்று கேள்வியுற்றோம். படிக்கத் தெரியாத ஒரு பிள்ளை அவ்வளவு காலம் அதனை மறைப்பதற்கு எத்துணை அறிவும் உழைப்பும் வேண்டும் என்று அன்று எமக்குத் தோன்றவில்லை.

பல்லாண்டுகள் கழிந்தன. இப்பள்ளியில் முதலாம் ஆண்டு மாணவியின் தந்தை ஒருவர் ஒருநாள் மாலை வேலை முடிந்து எம் அறை வாயிலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னோம், அமரவில்லை. எம்மால் அடையாளம் காண இயலவில்லை. “ஐயா, என் மவளும் என்னைய மாதிரியேதான் இருக்கா. அவளையும் பெஞ்சு மேல ஏத்திடாதீங்க” என்றார்.

யாம் எழுந்து நின்றோம். கூறுவதற்குச் சொல் வரவில்லை. பின்னர் அவரை அமரச் செய்து மன்னிப்புக் கேட்டோம். “நீங்க என்னங்கய்யா செய்வீங்க, அப்ப யாருக்குத் தெரியும்” என்று அவர் எமக்கே ஆறுதல் கூறினார். அவ்வாறுதல் இன்றும் எம்மைச் சுடுகின்றது.

அவர் மகளைச் செவிப் பரிசோதனைக்கு அனுப்பினோம். செவியில் குறை இல்லை. நன்றாகப் பேசும் அக்குழந்தையால், மூன்று சொற்களுள் வேறு ஒலியில் தொடங்கும் சொல்லைக் காட்ட இயலவில்லை. பேச்சுப் பயிற்சியும் எம் பள்ளியின் குறைநீக்கல் வகுப்பும் இரண்டாண்டுகள் நடந்தன. இன்று அவள் நான்காம் ஆண்டில் பயில்கின்றாள். முதற்பரிசு பெறவில்லை. வரியின் கீழ் விரலை வைத்து, மெதுவாகத்தான் படிக்கின்றாள். ஆயினும் படிக்கின்றாள்.

வீட்டில் செய்யத்தக்கவை

எழுத்தறியாப் பெற்றோரும் செய்யத்தக்க பயிற்சிகள் பல உள்ளன. நம் மொழிக்கு அணியான எதுகையும் மோனையும் இதற்கே அமைந்தவை போல் உதவுகின்றன. “மரம், மலை, மழை, இன்னொன்று சொல்” என்பது மோனை. “மாடு, ஆடு, காடு, இன்னொன்று சொல்” என்பது எதுகை. சமைத்துக்கொண்டே இதனை விளையாடலாம்.

‘செம்பனை’ என்னும் சொல்லைக் கைதட்டிப் பிரித்துக் கூறச் செய்யுங்கள்: செம், ப, னை. ‘மாமர’த்தில் ‘மா’வை எடுத்தால் எஞ்சுவது யாது என்று கேளுங்கள். அது பழகியபின், ‘மலை’யின் முதல் ஒலியை நீட்டச் சொல்லுங்கள், ‘மாலை’ வரும். ‘பால்’ என்பதன் முதல் ஒலியை மாற்றச் சொல்லுங்கள். ‘கால்’ வரும், ‘வால்’ வரும். மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வரும் வழியே இதற்குப் போதும். அதன்பின் தட்டில் மணலையோ அரிசியையோ பரப்பி, ஒலியைக் கூறிக்கொண்டே எழுத்தை விரலால் எழுதச் செய்யுங்கள். ஒருநாளைக்கு ஓர் எழுத்துப் போதும்.

இரவில் கதை கூறுங்கள். படிக்கத் தெரிந்தவர் படித்துக் காட்டுங்கள். ஏனெனில் தானே படிக்க இயலாத பிள்ளை, நூலில் உள்ள சொற்செல்வத்தைக் காதின் வழியாகவேனும் பெற வேண்டும். பிள்ளை தவறாக ஒலித்தால் ஏளனம் செய்யாமல், அச்சொல்லை நீங்கள் செம்மையாக ஒருமுறை கூறிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். ‘மக்கு’ என்னும் சொல்லை வீட்டை விட்டே விரட்டுங்கள். அடித்தால் அச்சம் வரும், எழுத்து வாராது.

எங்கே செல்வது?

முதலில் வகுப்பாசிரியரிடம் வாருங்கள். பின்னர் அருகிலுள்ள சுகாதார மருந்தகத்திற்குச் சென்றால், அங்குள்ள மருத்துவர் அரசு மருத்துவமனைக்குக் கடிதம் தருவார். முறை வரச் சில காலம் ஆகலாம், மனந்தளர வேண்டா. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ்ச் சமூக நல இலாகாவில் பதிந்துகொள்ளும் வழியும் உண்டு. டிஸ்லெக்சியாவும் கற்றல் இடர்ப்பாட்டுப் பிரிவில் அடங்கும். அவ்வட்டை பிள்ளைக்கு இழிவு என்று சிலர் அஞ்சுகின்றனர். அஃது உதவி பெறும் உரிமைச் சீட்டு, வேறொன்றும் அன்று. சில தமிழ்ப்பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்புகளும் நடைபெறுகின்றன. எல்லாப் பிள்ளைகளுக்கும் அவ்வகுப்புத் தேவைப்படுவதில்லை. பலர் வழக்கமான வகுப்பிலேயே கூடுதல் கவனிப்புடன் பயில இயலும்.

மருத்துவமனைக்குச் செல்லும் ஒருநாள், ஒருநாள் கூலியை இழக்கும் நாள் என்பதை யாம் அறிவோம். பேருந்துச் செலவும் உண்டு. விடுப்புக்காகத் தோட்ட நிருவாகத்திற்குக் கடிதம் வேண்டுமாயின் பள்ளி எழுதித் தரும். செலவுக்கு வழியில்லையெனில் தயங்காது கூறுங்கள்; பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு கலந்து ஆவன செய்வோம். இன்று இழக்கும் கூலிக்குக் கணக்கு உண்டு. எழுத்தை இழந்த பிள்ளை வாழ்நாள் முழுவதும் இழப்பதற்குக் கணக்கில்லை.

மாணவச் செல்வங்களுக்கு

உங்கள் வகுப்பில் ஒருவர் மெதுவாகப் படித்தால் சிரிக்காதீர்கள். அவர் அறியாதவர் அல்லர். அவருக்கு அந்த வழி சற்று மேடாக உள்ளது. நீங்கள் ஒருமுறை ஏறும் மேட்டை அவர் பத்துமுறை ஏறுகின்றார். அவர் முறை வரும்போது அமைதியாகக் காத்திருங்கள். படிக்கத் தடுமாறும் பிள்ளைகளே, நீங்களும் மறைக்காதீர்கள். ‘எனக்கு இது வரவில்லை’ என்று ஆசிரியரிடம் சொல்வது குற்றமன்று. இப்பள்ளியில் அதற்காக எவரும் பெஞ்சின் மேல் ஏற மாட்டார்.

முடிவாக

பேசுகின்ற பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி எதற்கு என்னும் வினாவோடு தொடங்கினோம். எழுத்து பேச்சின் மேல் எழும் கட்டடம். அடித்தளத்தில் விரிசல் இருந்தால் மேலே எத்தனை முறை பூசினாலும் சுவர் நில்லாது. அடித்தளத்தைச் சீர்செய்வதற்கே அப்பயிற்சி.

சென்ற மாதம் அத்தந்தை மீண்டும் எம் அறைக்கு வந்தார். இம்முறை அழைக்காமலே உள்ளே வந்து அமர்ந்தார். உறவினர் ஒருவரின் கலியாணப் பத்திரிகை வந்ததாம். வழக்கமாக அடுத்த வீட்டாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாராம். அன்று மகளிடம் கொடுத்தாராம். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், நாள், நேரம், மண்டபம் என்று விரல் வைத்து ஒவ்வொன்றாக அவள் படித்து முடிக்க நெடுநேரம் ஆயிற்றாம். “சோறு ஆறிப்போச்சுங்கய்யா” என்று கூறிச் சிரித்தார்.

அவ்வாறு சோறு ஆறும் மாலைகள் நம் தோட்டத்து வீடுகள் தோறும் வாய்க்கட்டும். வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!